பழந்துணியும் பற்றும்

புதியது வேண்டும் என்னும் ஆசையை அடக்குதல் அறம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அங்ஙனமாயின், பழையதே வேண்டும் என்னும் ஆசையை என்னவென்று சொல்வது? அது அடக்கத்தின்பாற் படுமா, ஆசையின்பாற் படுமா? இவ்வினாவைச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலைநாடுகளில் பனிக்காலம் நீங்கி இளவேனில் பிறக்கும்போது ஆடவர் உடைகளும் மாறுகின்றன. கனத்த கம்பளிகள் பெட்டிக்குள் போகின்றன. மெல்லிய பருத்தியும் லினனும் வெளியே வருகின்றன. இம்மாற்றத்தை எதிர்நோக்கி ஒரு பெருவணிகமே இயங்குகிறது. இத்தாலி நாட்டின் ஃபுளோரன்ஸ் நகரில் 1972ஆம் ஆண்டு தொடங்கிய பித்தி உவோமோ என்னும் ஆடவர் உடைக் கண்காட்சி ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது. அடுத்த ஆண்டின் இளவேனிலுக்கு உரிய உடைகள் இவ்வாண்டின் ஜூன் மாதத்திலேயே அங்குக் காட்சிக்கு வந்துவிடுகின்றன. வாங்கியதை உடுத்தி முடிக்கும் முன்னரே அடுத்ததற்கு ஏங்கச் செய்வது இவ்வணிகத்தின் இயல்பு.

ஆயினும் அண்மைக் காலமாக அவ்வணிகத்தின் நடுவிலேயே ஒரு விந்தையைக் காண்கிறோம். இளவேனிலுக்கு எவ்வாறு உடுத்தலாம் என்று ஆடவர்க்கு வழிகாட்டும் பக்கங்களில் புத்தாடைகளுக்கு இடையே பழையனவும் இடம்பெறுகின்றன. காலர் நைந்து நூல் பிரிந்த வெள்ளைச் சட்டை, முழங்காலில் வெளுத்த நீல ஜீன்ஸ், பலமுறை அடிப்பகுதி மாற்றப்பெற்ற காலணி, ஓரம் தேய்ந்த கித்தான் பை, பாட்டனார் கட்டியிருந்த கைக்கடிகாரம் ஆகியவற்றின் படங்களைக் கண்டு வாசகர் மயங்குகின்றனர். இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் நகரில் 1894ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பார்பர் நிறுவனம் மெழுகேற்றிய பருத்தித் துணியால் மழைச்சட்டை செய்கிறது. மெழுகு தேய்ந்தபின் அச்சட்டையைத் திருப்பி அனுப்பினால் மீண்டும் மெழுகேற்றி, கிழிசலையும் தைத்துத் தருகிறது. பல ஆண்டுகள் உழைத்த அத்தகைய சட்டையைப் பெருமையோடு அணிவோர் அங்கு உண்டு. பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸ், இளவரசராக இருந்த காலந்தொட்டே ஒட்டுப் போட்ட மேற்சட்டையோடு பொது இடங்களில் தோன்றியிருக்கிறார்.

இதனைக் கேட்கும்போது நமக்கு முதலில் மகிழ்ச்சியே உண்டாகிறது. நுகர்ச்சியே வாழ்வு என்று எண்ணிய உலகம் போதும் என்னும் சொல்லைக் கற்றுக் கொள்கிறதோ என்று தோன்றுகிறது. ஆனால் மகிழ்ச்சி ஒருபுறம் இருக்க, ஐயமும் எழாமல் இல்லை.

தேய்வின் அழகு

பழகிய பொருள் நம்மைக் கவர்வது ஏன்? முதற்காரணம், அது நம் உடலை அறிந்திருப்பது. புதிய செருப்பு கடிக்கும். பழைய செருப்பு அவ்வாறு செய்வதில்லை. நம் நடையின் சாய்வு அதன் அடியில் பதிந்துவிட்டது. இரண்டாவது காரணம், காலத்தை விலைகொடுத்து வாங்க இயலாமை. எவ்வளவு பெரிய செல்வரும் இருபது ஆண்டுத் தேய்வை ஒரே நாளில் பெற முடியாது. அதனை நாள்தோறும் அணிந்தே பெறவேண்டும். மூன்றாவது காரணம் நினைவு. இந்தப் பொத்தான் அறுந்தது இன்ன ஊரில், இந்தக் கறை படிந்தது இன்னார் திருமணத்தில் என்று ஒவ்வொரு வடுவும் ஒரு செய்தியைச் சொல்கிறது.

இம்மூன்றும் குற்றமற்ற காரணங்களே. ஆயினும், தேய்வை அழகென்று காண்பவர் யார் என்று நோக்குதல் வேண்டும். ஜப்பான் நாட்டின் வடபகுதியில் அவோமோரி என்னும் நிலப்பகுதி உள்ளது. கடுங்குளிர் காரணமாக அங்குப் பருத்தி விளைவதில்லை. பழங்காலத்தில் அப்பகுதி உழவர்கள் சணல் இனத்து நாரால் நெய்த துணியையே உடுத்தனர். தெற்கிலிருந்து வந்த பருத்திக் கந்தல்கள் அவர்களுக்கு அரும்பொருள்கள். பெண்கள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சிறு சிறு தையலிட்டுக் குளிரைத் தடுத்தனர். பாட்டி தைத்த போர்வையில் பேத்தி மேலும் ஓர் ஒட்டுப் போட்டாள். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தைக்கப்பெற்ற துணியை ஜப்பானியர் போரோ என்பர். கந்தல் என்பதே அதன் பொருள்.

நாட்டில் வளம் பெருகியபின் அக்குடும்பங்கள் தம் வறுமையின் அடையாளமாகிய அத்துணிகளைக் கண்டு நாணின. பல எறியப்பட்டன. தனாக்கா சூசாபுரோ என்னும் ஆய்வாளர் ஊர் ஊராகச் சென்று அவற்றைத் திரட்டினார். அவர் திரட்டியவை 2009 முதல் 2019 வரை டோக்கியோவின் அசகுசா பகுதியில் இருந்த ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தன. இன்று போரோத் துணிகளை உயர்ந்த விலைகொடுத்து வாங்குவோர் உள்ளனர். அவற்றைப் பார்த்துப் புத்தாடை வடிவமைப்போரும் உள்ளனர். தைத்தவள் குளிரை நினைத்துத் தைத்தாள். வாங்குபவன் அழகை நினைத்து வாங்குகிறான். அழகைக் காண்பது தவறன்று. ஆனால் அந்த ஒட்டுகளுக்குக் கீழே ஒரு குழந்தை குளிரில் நடுங்கியது என்பதை மறந்த கண், பாதியையே கண்ட கண்ணாகும்.

கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்னது நம் பழமொழி. அது கந்தையைப் புகழவில்லை. கந்தை உடுத்தியவனின் மானத்தைப் புகழ்ந்தது. வேறு இல்லாமையால் பழையதை உடுப்பவனும், வேறு இருந்தும் பழையதை உடுப்பவனும் காட்சிக்கு ஒத்திருக்கலாம்; நிலைமையில் ஒத்தவரல்லர். முன்னவனுக்கு அது நேர்ந்தது. பின்னவன் அதனைத் தேர்ந்தான். தேர்ந்தவன் தன் தேர்வைத் தவமென்று எண்ணித் தருக்குவானாயின், அத்தருக்கு முன்னவனை இழிவு செய்வதாகும்.

செய்யப்பட்ட பழமை

பழமையை விரும்பும் மனம் காத்திருக்க மறுக்கும்போது என்ன நிகழும் என்பதற்கு ஜீன்ஸ் துணியின் வரலாறே சான்று. 1873ஆம் ஆண்டு மே 20 அன்று, லீவை ஸ்ட்ராஸ் என்னும் வணிகரும் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரும், கால்சட்டையின் மூலைகளில் செப்பு ஆணி அறைந்து உறுதியாக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். உடலுழைப்பாளருக்கு எளிதில் கிழியாத உடை தருவதே அதன் பயன். அத்துணிக்கு ஊட்டப்படும் அவுரி நீலம் நூலின் மேற்புறத்தில் தங்குமேயன்றி அதன் நடுவரை ஊறிச் செல்வதில்லை. ஆதலின் உராயும் இடங்களில் எல்லாம் நீலம் நீங்கி வெண்மை தோன்றுகிறது. மண்டியிட்டு வேலை செய்தவனின் முழங்காலும், கருவியைப் பையில் சுமந்தவனின் தொடையும் அத்துணியில் எழுதப்பட்டன எனலாம்.

பின்னாளில் அந்த எழுத்தின்மீதே மக்கள் ஆசை கொண்டனர். எழுதும் உழைப்பையோ விரும்பவில்லை. எனவே ஆலைகளில் புதிய துணியை நுரைக்கற்களோடு சேர்த்துச் சுழற்றி வெளுத்தனர். உப்புத்தாளால் தேய்த்தனர். மணலைக் காற்றழுத்தத்தால் துணியின்மீது பீய்ச்சி அடித்தனர். இம்மணல் வீச்சு, சில நிமிடங்களில் பல ஆண்டுத் தேய்வைத் தந்தது. மணலில் உள்ள சிலிக்காத் துகள் அவ்வேலை செய்த இளைஞர்களின் மூச்சோடு உட்சென்று நுரையீரலில் தங்கி, சிலிகோசிஸ் என்னும் நோயைத் தந்தது. தழும்பேறிய நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. சுரங்கத் தொழிலாளரிடம் காணப்பட்ட நோயைத் துருக்கி நாட்டு மருத்துவர்கள் ஜீன்ஸ் பட்டறைத் தொழிலாளரிடம் கண்டனர். 2009ஆம் ஆண்டில் துருக்கி அரசு அம்முறையைத் தடை செய்தது. 2010ஆம் ஆண்டில் லீவை ஸ்ட்ராஸ், எச் அண்ட் எம் ஆகிய நிறுவனங்கள் தம் உடைகளில் அதனைக் கைவிடுவதாக அறிவித்தன.

இதனைப் படிக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது. ஒருவன் தன் கால்சட்டை பழையதுபோல் தோன்ற வேண்டுமென்று விரும்பினான். அதற்காக முன்பின் அறியாத மற்றொருவனின் நுரையீரல் பழுதாயிற்று. விரும்பியவன் கொலைஞன் அல்லன். ஒரு புழுவைக்கூட மிதிக்க அஞ்சுபவனாகவும் இருக்கலாம். ஆயினும் ஆசைக்கும் துன்பத்திற்கும் இடையே உள்ள தொலைவு நீண்டுவிட்டமையால் அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவகையாக வினையைப் பகுத்துக் காட்டிய நம் முன்னோர், இக்காலத்துச் சந்தையை நோக்கியே அவ்வாறு பகுத்தனரோ என்று வியக்கத் தோன்றுகிறது.

எளிமையின் விலை

பழமையின்மீது கொண்ட ஆசை மற்றொரு வழியிலும் நம்மை ஏமாற்றவல்லது. 2011ஆம் ஆண்டு நவம்பர் 25 அன்று, அமெரிக்காவில் மக்கள் கடைகளில் முண்டியடிக்கும் நாளில், படகோனியா என்னும் உடை நிறுவனம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. தன்னுடைய மேற்சட்டை ஒன்றின் படத்தைப் போட்டு, இதனை வாங்க வேண்டா என்று அது வாசகரை வேண்டியது. அச்சட்டை ஒன்றைச் செய்ய 135 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் எடுத்துரைத்தது. தேவையற்றதை வாங்காதீர், உள்ளதைச் செப்பனிடுவீர் என்பது அதன் கருத்து. கருத்து நேரியதே. எனினும் அதன் பின்னரும் அந்நிறுவனத்தின் விற்பனை வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. வேண்டா என்பதும் வாங்கத் தூண்டும் சொல்லாக மாறிவிடுகிறது.

இதனினும் வியப்பான நிகழ்ச்சிகள் உண்டு. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் நீக்கி, இடையில் சிறு ஆடையோடு மக்கள்முன் தோன்றினார். நாட்டின் ஏழைகளுக்கு இல்லாத ஆடை தமக்கும் வேண்டா என்று துணிந்தார். அன்று முதல் அவர் வைத்திருந்த பொருள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் மறைந்து அறுபத்தொரு ஆண்டுகள் கழித்து, 2009 மார்ச்சில், அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு, கடிகாரம், உணவுக் கிண்ணம், தட்டு ஆகியவை நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தன. பதினெட்டு இலட்சம் டாலர் கொடுத்து அவற்றை எடுத்தவர் மதுபானத் தொழிலில் பெயர்பெற்ற இந்தியச் செல்வர் ஒருவர். 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் காந்தியடிகளின் மற்றொரு மூக்குக் கண்ணாடி இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் பவுனுக்கு விலைபோயிற்று. பொருளின்மீது பற்று வேண்டா என்று வாழ்ந்து காட்டியவரின் செருப்பே பெரும்பொருளாயிற்று. அவர் விட்டதை நாம் பிடித்துக் கொண்டோம். விட்ட செயலைப் பின்பற்றினோமா?

இவ்வளவும் கூறியதால், பழையதைப் பேணுதல் வீண் என்று கொள்ளுதல் கூடாது. எறியப்படும் துணிகள் எங்குச் செல்கின்றன என்று காண்போர் அவ்வாறு சொல்லார். தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், மழையே அறியாத அட்டகாமா பாலைநிலத்தில் செல்வ நாடுகளின் பழைய துணிகள் மலைபோல் குவிந்தன. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் உள்ள கன்டமான்டோ சந்தைக்கு மூட்டை மூட்டையாகப் பழந்துணிகள் வந்து இறங்குகின்றன. அவற்றை அவ்வூர் மக்கள் தம் மொழியில் இறந்த வெள்ளையரின் ஆடைகள் என்று அழைக்கின்றனர். இத்துணை நல்ல ஆடையை உயிரோடிருப்பவர் எறிவாரா என்று அவர்கள் எண்ணினராம். நம் நாட்டில் அரியானாவின் பானிபட் நகரம், பிறர் கழித்த கம்பளி உடைகளைக் கிழித்து மீண்டும் நூலாக்கிப் போர்வை நெய்வதில் பல்லாண்டுகளாகப் பெயர் பெற்றது.

அரசுகளும் விழித்துக் கொண்டுள்ளன. பிரான்சு அரசு 2023ஆம் ஆண்டில், துணியையும் காலணியையும் எறியாமல் செப்பனிடுவோர்க்கு 6 முதல் 25 யூரோ வரை செலவில் கழிவு கிடைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. விற்காமல் தங்கிய துணிகளை நிறுவனங்கள் அழிப்பதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் விதி இயற்றியது. ஊசியும் நூலும் கொண்டு ஒரு சட்டையின் வாழ்நாளை நீட்டிப்பவர், ஒரு சட்டைக்கு வேண்டிய பருத்தியையும் நீரையும் சாயத்தையும் மிச்சப்படுத்துகிறார். அம்மட்டில் அவர் செயல் அறமே.

ஆயினும் நெடுநாள் உழைக்கும் என்பதற்காக எப்பொருளையும் ஏற்றுவிடுதல் நமக்கு ஒல்லாது. பழமையை விரும்புவோர் மிகுதியாகப் போற்றுவது தோற்பொருள்களையே. கைபட்டுக் கைபட்டு மெருகேறிய தோலின் நிறத்தை அவர்கள் வியந்து பேசுகின்றனர். அத்தோல் முதலில் ஓர் உயிரின் உடலைப் போர்த்தியிருந்தது என்பதை நாம் மறப்பதற்கில்லை. அது பட்ட துன்பம் எத்தனை ஆண்டு மெருகேற்றினும் நீங்குவதன்று.

பெட்டிக்குள் இருந்த கோட்டு

பிறரைப் பற்றிக் கூறியது போதும். நம் குறை ஒன்றையும் ஈண்டுச் சொல்லுதல் முறையாகும். நம் தந்தையார் வடபுலத்தில் பணியாற்றிய காலத்தில் ஒரு கம்பளிக் கோட்டுத் தைத்துக் கொண்டார். சாம்பல் நிறம், முழங்கைகளில் அன்னையார் தைத்த ஒட்டுகள். அவர் மறைந்தபின் அதனை ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் காத்தோம். ஆண்டுதோறும் தை மாதத்தில் வெயிலில் உலர்த்தி, புதிய அந்துருண்டைகளை இட்டு மூடுவோம். அதனை உடுக்கும் குளிர் நம் ஊரில் இல்லை. முகர்ந்து பார்த்து மடித்து வைப்பதோடு சரி.

ஒருமுறை தந்தையாரின் நண்பர் மகன், வேலை கிடைத்து தில்லிக்குச் செல்லும் முன் விடைபெற வந்தான். கார்த்திகை மாதம். கையில் இருந்தது ஒரு பருத்திப் போர்வை மட்டுமே. அன்னையார் நம்மைப் பார்த்து, "அப்பா கோட்டு சும்மாதானே இருக்கு, இவனுக்குக் கொடேன்" என்றார். நாம் வாய் திறக்கவில்லை. சிறிது பணத்தை எடுத்து அவன் கையில் வைத்து, அங்கே வாங்கிக்கொள் என்றோம். கொடையாளி என்னும் பெயரும் கிடைத்தது. கோட்டும் பெட்டியில் தங்கிற்று.

அதற்குப்பின் இரண்டு ஆண்டுகள் வேலை மிகுதியால் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தபோது அந்துருண்டைகள் கரைந்து போயிருந்தன. அந்துப்பூச்சியின் புழுக்கள் கோட்டை அரித்திருந்தன. காலர் மடிப்பில் கைவைத்தபோது அவை நெளிந்தன. அவற்றை என் செய்வது? வெயிலில் இட்டால் மடியும்; புதிய உருண்டை இட்டாலும் மடியும். முந்தைய ஆண்டுகளில் எல்லாம் நாம் இட்ட உருண்டைகள் எத்தனை உயிர்களை மாய்த்தனவோ என்னும் எண்ணம் அப்போதுதான் முதன்முதலாக எழுந்தது. அன்னையார் கோட்டை விரித்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பையன் நாலு பனிக்காலம் போட்டிருப்பான்" என்று மட்டும் சொன்னார்.

பரிக்கிரகம் என்பது பொருளை வைத்திருத்தலன்று, பொருளின்மீது கொள்ளும் மயக்கமே என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் வரையறுத்தார். பலமுறை கேட்ட உரைதான் அது. அன்றுவரை நாம் அதனைச் செல்வர்க்குக் கூறியதாகவே எண்ணியிருந்தோம். பொன்னும் மாளிகையும் சேர்ப்போரை நோக்கியது என்று கருதியிருந்தோம். விலை போகாத ஒரு கிழிந்த கோட்டிலும் அம்மயக்கம் முழுமையாகத் தங்கும் என்பதை அந்தத் தகரப் பெட்டியே நமக்குக் கற்பித்தது. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தைக் கொல்லாமையோடு ஏன் ஒருசேர வைத்தனர் என்பதும் அன்று விளங்கிற்று. பூட்டி வைத்த பொருளைக் காக்க ஏதேனும் ஓர் உயிரை விலக்கவோ மாய்க்கவோ வேண்டியிருக்கிறது.

அப்படியாயின் தந்தையின் நினைவைப் போற்றுவதும் பற்றுத்தானா என்று அன்பர்கள் வினவலாம். நினைவு வேறு, பற்று வேறு என்பதே நம் விடை. தந்தையாரை நினைப்பதற்கு நமக்குக் கோட்டு வேண்டுவதில்லை. அவர் குளிரில் நடுங்குவோரைக் கண்டால் தம் போர்வையைக் கொடுத்துவிட்டு வருபவர். கோட்டை அந்த இளைஞனுக்குக் கொடுத்திருந்தால் அவரைப் போற்றியவர்களாகியிருப்போம். கொடாமையால் அவருடைய துணியைப் போற்றி அவரை மறந்தோம். ஒரு பொருள் கையை விட்டுப் போன பின்னும் தங்கி நிற்பது நினைவு. போகும் என்ற எண்ணத்திற்கே அஞ்சுவது பற்று.

ஆகவே, பழகிய பொருளைக் கையில் எடுக்கும்போது மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக் கொள்ளலாம். இது இன்னும் எவருக்கேனும் பயன்படுகிறதா? இதன் தோற்றத்திற்காகவோ காவலுக்காகவோ எவ்வுயிரேனும் வருந்துகிறதா? வேண்டும் என்று தகுதியுள்ள ஒருவர் கேட்டால் முகம் வாடாமல் இதனைக் கொடுப்போமா? மூன்றாவது வினாவே கடினமானது. அதற்கு உடனே ஆம் என்று சொல்ல இயலுமாயின், எத்துணை ஆண்டுகள் அப்பொருளை வைத்திருந்தாலும் குற்றமில்லை. இயலாதாயின், அது இன்று வாங்கியதாயினும் பாட்டனார் விட்டுச் சென்றதாயினும் வேறுபாடு இல்லை.

துறவோர் மயிற்பீலியும் கமண்டலமும் தவிர ஒன்றும் வேண்டார். இல்லறத்தாராகிய நமக்கு அந்நிலை எளிதன்று. அளவு வகுத்துக் கொண்டு, வகுத்த அளவுக்குள் உள்ளதைத் தைத்தும் துவைத்தும் நெடுநாள் உடுத்தி, தேவைப்படுவோர் வந்தால் தயங்காது அளிப்பதே நமக்கு உரிய நெறி. அரித்தது போக எஞ்சிய கோட்டுத் துணியில் அன்னையார் குழந்தைகளுக்கு இரண்டு குல்லாய்கள் தைத்தார். ஒன்றை நம் வீட்டுக் குழந்தைக்கும் மற்றொன்றைப் பால் கொணர்பவரின் குழந்தைக்கும் அணிவித்தார். தகரப் பெட்டியில் இப்போது அரிசி இருக்கிறது.